எதற்கு ‘உப’?

மட்டக்களப்பை அடுத்த வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் மூன்று கேள்விகளை எழுதி அனுப்பியிருக்கிறார். ஒரு பெரிய பண்பாட்டுக்குள் இருக்கும் தனிப் பண்பாட்டைக் குறிக்கும் ‘சப்கல்ச்சர்’ என்பதை உபகலாசாரம், துணைப்பண்பாடு, கிளைப்பண்பாடு என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்களே, எது பொருத்தம்? மட்டக்களப்புப் பண்பாடு தமிழ்ப் பண்பாட்டின் ஓர் உபகலாசாரம் என்று ஆய்வுக் கட்டுரையில் எழுதலாமா? தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொண்டு, பின்னேரங்களில் கல்லடிப் பாலத்தருகே மோட்டார் சைக்கிள்களோடு கூடும் தன் தம்பியின் கூட்டாளிகளையும் அந்தச் சொல்லால் குறிக்கலாமா?

மகள், உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏறத்தாழ அதே கேள்வியை நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு முதியவர் சபையில் எழுப்பியதை நேரில் கேட்டவன் நான்.

அப்போது நான் ஆசிரியத் தொழிலுக்குப் புதியவன். மட்டக்களப்பு நகரில் கூத்தைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த பேச்சாளர் நல்ல படிப்பாளி. கூத்தின் மீது மதிப்பும் உள்ளவர். மட்டக்களப்புக் கூத்து, தமிழ்க் கலாசாரத்துக்குள் இருக்கும் ஓர் உபகலாசாரத்தின் வெளிப்பாடு என்று அவர் சொன்னார். பின்வரிசையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வந்த அண்ணாவியார், அதாவது கூத்துப் பழக்கும் ஆசான், ஒருவர் இருந்தார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். “ஐயா, எங்கள் ஊரில் ஓர் உப தபாற்கந்தோர் இருக்கிறது. அதற்குப் பெரிய கந்தோர் மட்டக்களப்பில் இருக்கிறது. நீங்கள் சொல்கிற உப கலாசாரத்துக்குப் பெரிய கந்தோர் எந்த ஊரில் இருக்கிறது?” என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. விடை தெரியவேண்டும் என்றே கேட்டார். பிறகு பேசுவோம் என்றார் பேச்சாளர். அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை.

இன்றைக்கும் இந்தச் சொல்லை யார் எழுதினாலும் அந்த அண்ணாவியாரின் கேள்வியைத்தான் நான் முதலில் கேட்கிறேன். ‘உப’ என்பது தனியே நிற்கும் சொல் அல்ல. ‘தம்பி’ என்றால் யாருக்குத் தம்பி என்ற கேள்வி கூடவே வருவதுபோல, ‘உப’ என்றால் எதற்கு உப என்பதும் கூடவே வரவேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால், வாசிக்கிறவர் தன் மனத்தில் இருக்கும் ஏதோ ஓர் ஊரைப் ‘பெரிய கந்தோர்’, அதாவது தலைமை அலுவலகம், ஆக்கிக்கொள்வார். எங்கள் மக்கள் இந்தச் சொல்லால் மனம் புண்பட்டதெல்லாம் அப்படித்தான்.

இனி, சொல் வந்த வழியைச் சொல்கிறேன். ‘கல்ச்சர்’ என்பதன் வேர், நிலத்தைப் பண்படுத்துவதைக் குறித்த இலத்தீன் சொல். உழவு தெரிந்த நம்மவருக்கு இது அந்நியம் அல்ல. பண்படுத்திய நிலமும் பண்பட்ட மனமும் தமிழில் ஒரே வேரில் நிற்கின்றன. ‘சப்’ என்பதற்கு இலத்தீனில் ‘கீழ்’ என்பது முதற்பொருள். ‘அருகே’ என்ற பொருளும் உண்டு. நகரை அடுத்திருக்கும் புறநகரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலும் இதே ‘சப்’ இருக்கிறது. அங்கே அது நகரத்தின் கீழே என்பதைவிட நகரத்தின் அருகே என்றே நமக்குப் படுகிறது.

சமூகவியலார் கையில் எடுப்பதற்கு முன்பே நுண்ணுயிரியலாளர்கள் இந்தச் சொல்லை வைத்திருந்தார்கள். ஒரு தட்டில் வளர்ந்த கிருமிகளில் ஒரு துளியை எடுத்துப் புதிய ஊட்டத்தில் இட்டு மீண்டும் வளர்ப்பதற்கு ஆய்வுகூடத்தில் இதுவே பெயர். நாற்றுமேடையிலிருந்து பிடுங்கி வேறு வயலில் நடுவது போன்ற வேலை. அந்தப் பொருளில் வந்தால் ‘துணைவளர்ப்பு’ என்று எழுதுங்கள். உங்கள் துறைக்கு அது தேவைப்படாது. ஆனால் அகராதியில் இரண்டு பொருளையும் சேர்த்துப் பார்த்துக் குழம்பிய மாணவர்களை நான் கண்டிருக்கிறேன்.

சமூகவியலில் இந்தக் கருத்தை வரையறுத்து நிறுத்தியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான மில்ட்டன் கோர்டன். 1947இல் எழுதிய கட்டுரையில், ஒரு தேசியப் பண்பாட்டின் உட்பிரிவு என்று இதை அவர் விளக்கினார். வர்க்கம், இனப் பின்னணி, பிரதேசம், நாட்டுப்புறமா நகரமா என்ற வேறுபாடு, சமயம் ஆகியவை ஒருவர் வாழ்வில் ஒன்றுசேர்ந்து உருவாக்கும் தனி உலகம்தான் அவருடைய உபகலாசாரம். கவனியுங்கள், இதில் ‘பிரதேசம்’ இருக்கிறது. ஆகவே மட்டக்களப்பை உபகலாசாரம் என்று எழுதுகிறவரிடம் ஆதாரமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கோர்டனைக் காட்டி அவர் எழுதலாம். ஆனால் கோர்டன் ‘எதற்கு உப’ என்பதை மறைக்கவில்லை. ஒரு தேசத்தின் பொதுப் பண்பாட்டுக்கு உப என்று தெளிவாகச் சொன்னார். நம் கட்டுரைகளில் அந்தப் பாதி காணாமற்போய்விடுகிறது.

அதன் பிறகு சொல்லின் போக்கு மாறியது. சிக்காகோவில் ஃபிரெடெரிக் திராஷர் 1927இலேயே 1,313 தெருக்கூட்டங்களை ஆராய்ந்திருந்தார். அந்த வழியில் வந்த அல்பேட் கோஹன் 1955இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பள்ளிக்கூடம் நடுத்தர வர்க்கத்தின் அளவுகோலால் பிள்ளைகளை அளக்கிறது. அந்த அளவுகோலில் தோற்றுப்போகும் தொழிலாளர் வீட்டுப் பையன்கள், தாங்கள் வெல்லக்கூடிய வேறோர் அளவுகோலைத் தங்களுக்குள் உண்டாக்கிக்கொள்கிறார்கள். எது பள்ளியில் இழிவோ அது அங்கே பெருமை. இதை நினைவில் வைத்திருங்கள். உங்கள் தம்பியிடம் வரும்போது தேவைப்படும்.

போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் இந்தச் சொல் இளைஞர்களின் சொல்லாயிற்று. 1950களில் பழைய காலத்து நீண்ட மேலங்கி அணிந்த ‘டெடி போய்ஸ்’, பிறகு ஸ்கூட்டர்களில் வந்த ‘மொட்ஸ்’, மோட்டார் சைக்கிள்களில் வந்த ‘ரொக்கர்ஸ்’, 1970களின் நடுவில் ‘பங்க்’ என்று வரிசையாக வந்தார்கள். 1964ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் கிளக்டன் என்ற கடற்கரை ஊரில் இளைஞர் கூட்டங்கள் மோதிக்கொண்டன. உண்மையில் நடந்தது சிறிது. பத்திரிகைகள் எழுதியது பெரிது. ஸ்டான்லி கோஹன் என்ற மற்றொரு கோஹன், ஒரு சமூகம் தன் அச்சங்களையெல்லாம் ஒரு கூட்டத்தின் தலையில் சுமத்திப் பதற்றம் கொள்வது எப்படி என்பதை இந்த நிகழ்வை வைத்தே 1972இல் விளக்கினார். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1964இல் தொடங்கிய பண்பாட்டு ஆய்வு மையம் இந்த இளைஞர்களின் உடையையும் இசையையும் ஒரு மொழிபோல வாசித்தது. அங்கே பயின்ற டிக் ஹெப்டிஜ் 1979இல் காட்டியது இது: ஊசிபோன்ற ஒரு சாதாரணப் பொருளை எடுத்து, குத்தக்கூடாத இடத்தில் குத்தி, அதற்குப் புதுப்பொருள் கொடுக்கிறார்கள், கொஞ்ச நாளில் கடைக்காரர் அதையே சரக்காக்கி விற்கத் தொடங்குகிறார்.

ஆக, இந்த ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள் இருக்கிறது. கோர்டனின் அகன்ற பொருளில், பிறப்பால் வரும் பின்னணிகள் எல்லாம் அடங்கும். பிற்காலத்து ஒடுங்கிய பொருளில், மனிதர்கள் தாங்களாகச் சேர்ந்துகொள்ளும், தனி வழக்கும் தோற்றமும் மதிப்பும் உள்ள கூட்டம் மட்டுமே அடங்கும். இன்று பெரும்பாலும் இரண்டாவதுதான் வழக்கில் இருக்கிறது. உங்கள் கட்டுரையின் முதற்பக்கத்திலேயே நீங்கள் எதை எடுக்கிறீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். கலைச்சொல் ஆக்கம் நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1930களில் சென்னையில் அறிவியல் கலைச்சொற்களை ஆக்கும் பணியில் முன்னின்றவர்களில் ஒருவர் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். ஒரு சொல்லைச் சூட்டுமுன் அதன் உறவுகளையும் பார்க்கவேண்டும்.

இலங்கையில் நாங்கள் ‘உப’வுக்குப் பழகியவர்கள். உப தபாலகம், உப தவிசாளர், உபவேந்தர். தமிழ்நாட்டில் அதே பதவி துணைவேந்தர். ஆகவே இங்கே உபகலாசாரம் என்றும் அங்கே துணைப்பண்பாடு என்றும் வழங்குவதில் வியப்பில்லை. இந்த இரண்டில் எது உயர்வு என்ற வாதத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை. ஆனால் ‘துணை’ என்ற சொல் உதவியை நினைவூட்டுகிறது: வழித்துணை, வாழ்க்கைத்துணை. உபகலாசாரம் எதுவும் பெரிய பண்பாட்டுக்கு உதவவென்று உண்டாவதில்லை. சில வேளை அதை எதிர்த்தே நிற்கும். ‘கிளை’ இன்னும் சிக்கல். கிளை என்றால் ஒரே அடிமரத்திலிருந்து பிரிந்தது. பிறந்த இடம் வேறாக இருந்து, வந்து ஒட்டிக்கொண்டதைக் கிளை என்று சொல்ல முடியாது. ‘உப’ கீழானது என்ற எண்ணமும் முழுக்கச் சரியல்ல. வடமொழியில் உபவாசம் அருகிருந்து வாழ்தல். உபநிடதம் அருகமர்ந்து கேட்டல். அதன் பழைய பொருளில் அண்மை இருக்கிறது. கந்தோர்கள்தான் அதற்குக் கீழ்ப்படியைக் கொடுத்தன. கந்தோர் என்ற சொல்லே ஒல்லாந்தர் விட்டுப்போனது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

என் விருப்பம் ‘உட்பண்பாடு’. மேலும் இல்லை, கீழும் இல்லை, உள்ளே இருக்கிறது. உள்ளே என்றதும், எதற்குள்ளே என்ற கேள்வியை அந்தச் சொல்லே கேட்டுவிடுகிறது. உங்கள் விரிவுரையாளர்கள் உபகலாசாரம் என்று எழுதினால் நீங்களும் அப்படியே எழுதுங்கள். வகுப்பறையில் பழகிய சொல்லோடு சண்டைபிடிக்கத் தேவையில்லை. மனத்தில் மட்டும் ‘உள்’ இருக்கட்டும். பெரிய பண்பாட்டின் அடிப்படை மதிப்புகளையே மறுத்து நிற்கும் கூட்டத்துக்கு ‘எதிர்ப்பண்பாடு’ என்ற வேறு சொல் இருக்கிறது. எல்லா உட்பண்பாடும் எதிர்ப்பண்பாடு அல்ல.

மட்டக்களப்பை இந்தச் சொல்லால் அழைக்கலாமா என்பதற்கு இப்போது விடை சொல்ல முடியும். நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். இது எந்த நூலிலும் படித்ததல்ல. வகுப்பில் பிள்ளைகளுக்கு விளக்கி விளக்கி வந்து சேர்ந்தது. பிறப்பு, கலியாணம், சொத்து, சாவு இந்த நான்கையும் ஒரு கூட்டம் தன் சொந்த முறையில் நடத்துகிறதா? நடத்தினால் அது பண்பாடு. வாழ்க்கையின் ஒரு பகுதியை மட்டும் தன் வசம் வைத்துக்கொண்டு, இந்த நான்குக்கும் பெரிய வீட்டுக்குத் திரும்பிப் போகிறதா? அப்படியானால் அது உட்பண்பாடு.

மட்டக்களப்பை இதில் நிறுத்திப் பாருங்கள். இங்கே குடி, அதாவது ஒருவர் பிறந்த வமிசப் பிரிவு, தாய்வழியாக வருகிறது. ஒரு தாயின் வழிவந்தவர்களை ‘வயிற்றுவார்’ என்று சொல்லும் மண் இது. வீடு மகளுக்குப் போகிறது. மருமகன் அந்த வீட்டுக்கு வருகிறான். முக்குவர் சட்டம் என்று சொத்துரிமைக்குத் தனிச் சட்டமே இருந்தது. 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடுதான் அது நீதிமன்றங்களில் வலுவிழந்தது. கோயிலை நிருவகிக்கக் குடிவழி வண்ணக்கர். பள்ளிவாசலை நிருவகிக்கக் குடிவழி மரைக்கார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1960களின் இறுதியிலிருந்து அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து, தமிழரும் முஸ்லிம்களும் இந்தத் தாய்வழிக் குடி முறையைப் பகிர்ந்திருப்பதை விரிவாக எழுதினார். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திப் பாடல் பாடுகிறார்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று கோவலன் பக்கமும் கண்ணகி பக்கமுமாகப் பிரிந்து, கொம்புகளைக் கொளுவி இழுத்து முறிக்கும் வழக்கம் இருந்தது. தொட்டில் முதல் சுடலை வரை தன் முறையை வைத்திருக்கும் ஒரு வாழ்வை ‘உப’ என்று எழுத என் பேனை மறுக்கிறது. தமிழ்ப் பண்பாட்டின் மட்டக்களப்பு வடிவம் என்று எழுதுங்கள். யாழ்ப்பாண வடிவம், மலையக வடிவம், தஞ்சை வடிவம் என்று மற்றவையும் இருக்கின்றன. இவற்றில் எதுவும் மற்றதற்குப் பெரிய கந்தோர் அல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கை. காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, சம்மாந்துறை, அக்கரைப்பற்று மக்கள் தமிழ் பேசுகிறார்கள் என்பதற்காக முஸ்லிம் பண்பாட்டைத் தமிழ்ப் பண்பாட்டின் உபகலாசாரம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது பிழை, காயப்படுத்தும் பிழை. நான்கு சோதனையிலும் தன் முறையில் நிற்கும் சமூகம் அது. மொழி பொது, குடி முறை பொது, வயல் பொது, பல சமையலும் பொது. பொதுவாக இருப்பது ஒன்றை மற்றதன் ‘உப’ ஆக்கிவிடாது. அந்தச் சமூகத்துக்குள் உட்பண்பாடு வேண்டுமானால் இருக்கிறது. ரிபாய் ராத்திபு என்ற சூஃபி வழிபாட்டை நடத்தும் பாவாக்களின் உலகத்தைப் பாருங்கள். கோல்களைத் தட்டி ஆடும் பொல்லடிக் குழுக்களைப் பாருங்கள். அங்கேயும் அண்ணாவியார் என்றுதான் ஆசானை அழைப்பார்கள்.

போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியரையும் இதே கவனத்தோடு அணுகவேண்டும். 1628இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினார்கள். பத்து ஆண்டில் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். கோட்டை கைமாறினாலும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி மட்டக்களப்பின் சில வீடுகளில் நூற்றாண்டுகளாக இருந்துவருகிறது. தச்சு, இரும்பு வேலை, இயந்திரம் திருத்துதல் என்று கைத்தொழிலில் பெயர்பெற்ற குடும்பங்கள். 2004ஆம் ஆண்டுச் சுனாமி டச்பார் பகுதியில் அவர்களைக் கடுமையாகத் தாக்கியது. அவர்கள் ஒரு சிறுபான்மைச் சமூகம். சிறிய சமூகம் வேறு, உட்பண்பாடு வேறு. எண்ணிக்கையை வைத்து இதைத் தீர்மானிக்கக் கூடாது. ஆனால் அந்தச் சமூகத்துக்குள், கலியாண வீடுகளில் வயலின் எடுத்துக் கப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசையை வாசிப்பதைத் தங்கள் பொறுப்பாக ஏற்றுக்கொண்டவர்களைத் தனியே எடுத்து ஆராய்ந்தால், அங்கே உட்பண்பாடு என்ற சொல் பொருந்தும்.

தனிச்சொற்கள் இருந்தாலே உட்பண்பாடு என்றும் நினைத்துவிடாதீர்கள். என் தகப்பனார் மண்டூர்ப் பக்கத்து வயல்வட்டையில் ஒரு போடியாரிடம், அதாவது நிலக்காரரிடம், வயலைப் பார்க்கும் முல்லைக்காரனாக இருந்தவர். சிறுவனாக நான் சூடு மிதிக்கும், அதாவது மாடுகளை விட்டு நெற்கதிரை மிதிப்பிக்கும், களத்துக்குப் போயிருக்கிறேன். இரவு முழுவதும் மாடுகள் வளைய வரும். அங்கே நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது. பொலி என்றுதான் சொல்லவேண்டும். மாட்டுக்கும் கடகத்துக்கும்கூட வேறு பெயர்கள். வெளிப்பெயரைச் சொன்னால் பூதங்கள் கேட்டு வந்து விளைவை எடுத்துக்கொண்டு போய்விடும் என்ற அச்சம். ஒருமுறை நான் வாய்தவறி ‘நெல்’ என்றுவிட்டேன். என்னை ஒருபோதும் அதட்டாத தகப்பனார் அன்று அதட்டினார். பிறகு களத்தின் நடுவுக்குப் போய், எதையோ முணுமுணுத்துக் கும்பிட்டார். அந்த முதுகு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. இவ்வளவு செறிவான தனிவழக்கு இருந்தும் களம் உட்பண்பாடு அல்ல. ஊரின் ஆண்கள் எல்லாரும் அந்த மொழியைத் தெரிந்திருந்தார்கள். விடிந்து வீட்டுக்குப் போனதும் எல்லாரும் நெல் என்றே சொன்னார்கள். அது ஓர் இடத்துக்கும் ஒரு பொழுதுக்கும் உரிய மொழி விலக்கு. இன்றைக்கு அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைச் சாக்கில் கொட்டுகிறது. பெயரை மறைப்பதற்குப் பொழுதும் இல்லை, பூதமும் இல்லை.

கதிர்காம முருகன் கோயிலுக்கு நடந்து போகிறவர்களைப் பற்றிக் கேட்டால் சற்றுத் தயங்குவேன். வெருகல், மண்டூர், திருக்கோவில் வழியாக வந்து, உகந்தையில் காட்டுக்குள் இறங்கி, குமணை தாண்டிப் போகும் அந்த நடையில் எல்லாரும் எல்லாரையும் ‘சாமி’ என்றே அழைக்கிறார்கள். ஊரும் தொழிலும் சாதியும் காட்டு வாசலில் நின்றுவிடுகின்றன. வாழ்நாளில் ஒருமுறை போகிறவருக்கு அது யாத்திரை. ஆண்டுதோறும் போய், வேல் தூக்கி, எந்த மடுவில் நல்ல தண்ணீர் இருக்கும் என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்தச் சிலருக்கு அது வேறொன்றாகிவிட்டது. ஒரே நடையில் இருவகை மனிதர்கள்.

இனி அண்ணாவியாரின் கூத்துக்குத் திரும்புகிறேன். அவர் கேட்ட நாளில் அவருடைய ஊரில் கூத்து உட்பண்பாடு அல்ல, ஊரே கூத்துத்தான். ஆட்டக்காரருக்குப் பாத்திரம் பங்கிடும் ‘சட்டம் கொடுக்கும்’ நாளில் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாத்திரம் என்பதை ஊர்ப் பெரியவர்கள் கூடித் தீர்மானித்தார்கள். மாதக்கணக்கில் இரவுகளில் பழக்கம். கூத்தில் இரண்டு பாணி. வடமோடி ஆடினால் போரும், கரப்புடுப்பு என்ற விரிந்த உடையும், துள்ளலும். தென்மோடி என்றால் இழுத்துப் பாடும் பாட்டும் நுணுக்கமான ஆட்டமும். அரங்கேற்றத்தன்று களரியைச் சுற்றி ஊர் முழுவதும் விடியும்வரை இருந்தது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இந்தக் கூத்தை மாணவர்களைக்கொண்டு மேடையேற்றினார். அங்கு மாணவராக ஆடிய சி. மௌனகுரு பிற்காலத்தில் இதன் பெரிய ஆய்வாளரானார். படித்தவர் உலகம் கூத்தை மதிக்கத் தொடங்கியது நல்லதே.

ஆனால் இந்த இடைக்காலத்தில் ஊர் மாறிவிட்டது. போர் இரவுகளைப் பறித்தது. இரவு வெளியே போக முடியாதபோது கூத்துப் பழக முடியாது. பிறகு தொலைக்காட்சி, அதன் பிறகு கைத்தொலைபேசி, வளைகுடா நாட்டு வேலை. இன்றும் படுவான்கரையில் கூத்து ஆடுகிறார்கள். ஆனால் ஆடுகிறவர்கள் ஊருக்குள் ஒரு தனிக்கூட்டமாகி வருகிறார்கள். பகலில் மேசன் வேலை செய்யும் இளைஞன் இரவில் அருச்சுனனாக நிற்கிறான். அவன் பேசும் வரவு, தாளக்கட்டு, பிற்பாட்டு என்ற சொற்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கே விளங்குவதில்லை. யார் எந்த அண்ணாவியாரிடம் பழகினார் என்பதை வைத்து அவர்களுக்குள் மதிப்பு எழுகிறது. அந்த மதிப்புக்கு வெளியே விலையில்லை. பிற்காலத்து ஒடுங்கிய பொருளின் எல்லா இலக்கணமும் இங்கே பொருந்திவிட்டது. ஒரு காலத்தில் பெரிய கந்தோராக இருந்தது, நம் கண்முன்னே உப கந்தோராகிக் கொண்டிருக்கிறது. அந்த வெளியூர்ப் பேச்சாளர் அன்று சொன்னது அன்றைக்குப் பிழை. இன்று சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன், வருத்தத்தோடு ஒப்புக்கொண்டிருப்பேன். உங்கள் ஆய்வுக்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தோன்றவில்லை: ஒரு பண்பாடு எந்தப் பத்தாண்டில், எந்தக் காரணங்களால், தன் ஊருக்குள்ளேயே உட்பண்பாடாகச் சுருங்குகிறது?

எதிர்த்திசையில் வளர்ந்த ஒன்றைப் பார்க்க, பொத்துவிலை அடுத்த அறுகம்பைக் கடற்கரைக்குப் போங்கள். அலைச்சறுக்கு நம்முடைய விளையாட்டு அல்ல. ஹவாய் முதலான பசிபிக் தீவுகளில் பிறந்து உலகமெங்கும் போனது. அரை நூற்றாண்டாக வெளிநாட்டவர் பலகையோடு பொத்துவிலுக்கு வருகிறார்கள். அவர்கள் விட்டுப்போன உடைந்த பலகைகளில் பழகிய, அந்தக் கரையிலுள்ள உல்லை ஊர்ப் பையன்களின் பிள்ளைகள் இப்போது சொல்லிக்கொடுக்கும் ஆசான்கள். மெயின் பொயின்ட், பேபி பொயின்ட், விஸ்கி பொயின்ட் என்று கடலுக்கே வேறொரு வரைபடம் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய தகப்பன்மார் அதே கடலைக் கரைவலைப்பாடுகளாகப் பார்த்தார்கள். எழுதப்படாத சட்டமும் உண்டு. அலை உடையும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை சொந்தம். குறுக்கே புகுவது குற்றம். அங்கே தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற வரிசை இல்லை. யார் அலையை நன்றாக வாசிக்கிறார் என்ற வரிசைதான். 2018இல் பெண்களுக்கென்று ஒரு அலைச்சறுக்குக் கழகமும் அங்கே தொடங்கியது. ஒரு தாய் பலகையோடு கடலில் இறங்குவதைக் கரையில் நின்று ஊர் பார்த்தது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை இந்தக் கரையில் வாழ்கிறவர்கள்தான் அறிவார்கள். ஆனால் நான்கு சோதனையை வையுங்கள். கலியாணம் என்றால் குடும்பம் பேசுகிறது. சாவு என்றால் மையவாடிக்கோ சுடலைக்கோ போகிறார்கள். கடல் அவர்களுடைய பகலை எடுத்துக்கொண்டது. வாழ்வு முழுவதையும் எடுக்கவில்லை. இது ஐயத்துக்கு இடமில்லாத உட்பண்பாடு. எதற்குள்ளே என்றால் ஒன்றல்ல, இரண்டு: பொத்துவில் ஊருக்குள்ளே ஒன்று, உலகத்து அலைச்சறுக்காளர் கூட்டத்துக்குள்ளே மற்றொன்று. ஒரே கூட்டம் இரண்டு பெரிய வீடுகளுக்கு உள்வீடாக இருக்கலாம் என்பதைக் கோர்டன் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஹெப்டிஜ் சொன்னதும் அங்கே நடந்துவிட்டது. பலகை தொட்டறியாதவர்களும் அறுகம்பை என்று அச்சிட்ட ரீசேர்ட் அணிந்து கொழும்புக்குத் திரும்புகிறார்கள்.

கடைசியாக உங்கள் தம்பி. ‘கலாசாரச் சீரழிவு’ என்ற தலைப்பில் நம் பகுதியில் வரும் செய்திகளை நீங்கள் வாசித்திருப்பீர்கள். முடிக்குச் சாயம் பூசிய நான்கு பையன்களின் படத்தைப் போட்டு, முழுத் தலைமுறையும் கெட்டுவிட்டதாக எழுதுகிறார்கள். கிளக்டன் கடற்கரையைப் பற்றி 1964இல் எழுதியவர்களின் நடை அப்படியே இருக்கிறது. அந்த எழுத்து எனக்குக் கோபத்தைத் தருகிறது. முப்பது ஆண்டுகளாக வகுப்பில் நின்றவன் நான். பின்வாங்கில் இருத்தப்பட்ட பிள்ளைகள் எங்கே போய்த் தங்கள் மதிப்பைத் தேடிக்கொள்கிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். பரீட்சையில் மூன்று பாடம் தவறிய பையன், அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிய இயந்திரத்தை இருட்டில் பூட்டுகிறான். அவனைச் சுற்றி நிற்கும் பத்துப் பேர் அவனைப் பெரியவனாகப் பார்க்கிறார்கள். பள்ளிக்கூடம் கொடுக்காததை அந்த வட்டம் கொடுத்திருக்கிறது. வேகமாக ஓட்டி உயிரை விடுகிறார்களே என்ற உங்கள் அம்மாவின் பயம் நியாயமானது. அதற்குத் தலைக்கவசமும் கண்டிப்பும் வேண்டும். முடியின் நிறத்துக்கும் அந்தப் பயத்துக்கும் தொடர்பில்லை.

ஆனால் அது உட்பண்பாடா என்பதை இங்கிருந்து நான் சொல்லமுடியாது. ஒரேமாதிரி முடி வெட்டியிருப்பது வெறும் நாகரிகமாகவும் இருக்கலாம். அடுத்த தீபாவளிக்குப் போய்விடும். தம்பியிடமே கேட்டு எழுதுங்கள். அவர்களுக்குள் மட்டும் விளங்கும் சொற்கள் எவை? புதிதாக ஒருவன் வந்தால் எதைச் செய்துகாட்டிய பிறகு அவனைத் தங்களில் ஒருவனாக எண்ணுவார்கள்? அங்கே யாருக்கு மதிப்பு, எதற்காக? எதைச் செய்தால் ஒருவன் அந்தக் கூட்டத்தின் முன் தலைகுனிய வேண்டியிருக்கும்? கடைசிக் கேள்விக்கு அவன் உடனே விடை சொன்னால், உங்கள் கட்டுரைக்கு மூன்றாவது அத்தியாயம் கிடைத்துவிட்டது. கேட்கும்போது குறிப்புப் புத்தகத்தை வெளியில் எடுக்காதீர்கள். பாலத்தடியில் தேநீர் வாங்கிக்கொடுத்துக் கேளுங்கள்.